மாப்பிள்ளைத் தாடையின் 'டக்'

உடம்பில் எது கெட்டாலும் நாலு பேருக்குத் தெரியாமல் மறைத்துவிடலாம். மூலத்தையே மறைத்துக்கொண்டு ரிடையர் ஆகும் வரை நாற்காலியில் உட்கார்ந்து உத்தியோகம் பார்த்தவர்கள் எனக்குத் தெரியும். தாடையை மட்டும் மறைக்க முடியாது. சாப்பிட்டால் ஆடும், சிரித்தால் ஆடும். என் தாடையோ சத்தமும் போட்டது. அது போட்ட சத்தத்தில்தான் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

எழுபதுகளின் கதை. சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீடு. தினமும் சைக்கிள் மிதித்துக் கல்பாக்கத்துக்கு வேலைக்குப் போவேன். அணுமின் நிலையத்தில் வேலை என்று வெளியூரில் சொல்லிக்கொள்வது வழக்கம். (உண்மையில் அப்போது கட்டடமே எழும்பிக்கொண்டிருந்தது. நான் ஒரு கான்டிராக்டரின் ஸ்டோரில் போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிற குமாஸ்தா. அணுவை நான் பார்த்ததில்லை, அதுவும் என்னைப் பார்த்ததில்லை.)

ஸ்டோரில் உட்காருகிறவனுக்கு யாரையும் நம்பாமல் இருப்பதுதான் முதல் தகுதி. எனக்கு அது பிறவியிலேயே இருந்தது. மழை நாளில் பால்காரர் வந்தால் பாலை உற்றுப் பார்ப்பேன். மழை இல்லாத நாளில் வந்தால் பால்காரரை உற்றுப் பார்ப்பேன். "யூசுப்பு, நீ உன் நெழலையே திரும்பித் திரும்பிப் பாக்குறவன்டா" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் வலது காதுப் பக்கம் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வாயைத் திறந்தால் ஒரு 'டக்'. மூடினால் இன்னொரு 'டக்'. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. முதலில் தலையணையைச் சந்தேகப்பட்டேன். பஞ்சில் இலவங்கொட்டை கிடக்கிறது என்று நினைத்துப் பிரித்துப் போட்டேன். வீடெல்லாம் பஞ்சு பறந்ததுதான் மிச்சம். அடுத்தது, காதுக்குள் வண்டு. நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினேன். (நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள்.) வண்டு வரவில்லை, காது அடைத்துக்கொண்டது.

சத்தம் மட்டும் இருந்த வரையில் பொறுத்துக்கொண்டேன். பிறகு காலையில் எழுந்தால் தாடை விறைத்து, நெற்றிப்பொட்டு வரைக்கும் வலி தெறித்தது. சில நாள் இட்லிக்காக வாயைத் திறந்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும். தாடையை இப்படியும் அப்படியும் நெளித்து ஆட்டினால்தான் விடும். பயந்துபோய் டவுன்ஷிப் பக்கம் இருந்த ஒரு டாக்டரிடம் போனேன். மதுரைப் பக்கத்து மனிதர்.

"இது காது இல்லப்பா, தாடை மூட்டு. காதுக்கு முன்னாடி விரலை வச்சுக்கிட்டு வாயைத் திறந்து பாரு" என்றார்.

வைத்துப் பார்த்தேன். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று துள்ளியது.

"சத்தம் மட்டும் வந்துச்சுன்னா கண்டுக்கவே வேணாம், நெறையப் பேருக்கு வரும். உனக்கு வலிக்கவும் செய்யுது, மாட்டவும் செய்யுது. செங்கல்பட்டுக்குப் போயி பல் டாக்டர்கிட்டக் காட்டிரு. அதுவரைக்கும் முறுக்கு, கரும்பெல்லாம் கடிக்காத. வாயை அகலமாத் திறக்காத. கொட்டாவி வந்தா தாடைக்கு அடியில கையைக் குடுத்துக்க."

நல்ல மனிதர், நல்ல வார்த்தை. எனக்குத்தான் நல்ல வார்த்தை சொல்கிறவர்கள் மேல் முதலில் சந்தேகம் வரும். காது என்று போனால் தாடை என்கிறார், தாடை என்றால் பல்லுக்கு அனுப்புகிறார். பல் டாக்டர் இவருக்கு மச்சினனாக இருப்பான், ரெண்டு பேரும் சேர்ந்து என் கடைவாய்ப்பல்லுக்குத் திட்டம் போடுகிறார்கள் என்று முடிவுகட்டினேன். போதாக்குறைக்கு அப்போது கருங்குழியில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் யாராவது என்னைப் பார்த்துத் தொலைத்தால்? நான் போகவில்லை.

பெண்ணின் அத்தா காசிம் மாமா கருங்குழியில் இரும்புக்கடை வைத்திருந்தார். எதையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் நம்பாத மனிதர். வாணலியைத் தட்டுவார், ஓட்டைத் தட்டுவார், தர்பூசணியைத் தட்டுவார். மாப்பிள்ளை பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு உட்காரும் முன் நாற்காலியைத் தட்டிப் பார்த்தார். என் ஜாதி மனிதர்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அம்மா முறுக்குத் தட்டை வைத்தாள். வேண்டாம் என்றால் பல் இல்லாத மாப்பிள்ளை என்று நினைப்பார். எடுத்தேன், வாயைத் திறந்தேன். டக்.

காசிம் மாமாவின் கை டீ கிளாஸோடு அந்தரத்தில் நின்றது. "இன்னா சத்தம் அது?"

என் பக்கத்தில் அக்கா புருஷன் ஹனீபா மச்சான் இருந்தார். என் தாடை விவகாரம் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயில் வந்ததை அப்படியே சொல்லிவிடுகிற மனிதர். "பல்லி மாமா. நல்ல சகுனம்" என்றார்.

"நாம எப்பய்யா சகுனம் பாக்க ஆரம்பிச்சோம்?"

ஹனீபா மச்சான் இல்லாத பல்லியைச் சுவரில் தேடினார். நான் முறுக்கைக் கடித்து வாயை மூடினேன். டக்.

"பல்லி முறுக்கு துன்னுதா?" என்றார் காசிம் மாமா. பார்வை என் கன்னத்தில் நிலைகுத்தி நின்றது. "நட்டு லூசானா இந்த மாதிரிதான் கேக்கும். தம்பி, எங்க வேல பாக்குற?"

"கல்பாக்கத்துல."

"அங்க இன்னாவோ அணுவு காச்சுறாங்களாமே. அது எலும்புக்குள்ள பூந்துக்குமாமே?"

"இன்னும் அடுப்பே கட்டி முடிக்கல மாமா" என்றார் ஹனீபா மச்சான்.

"ரோசிச்சு சொல்றேன்" என்று காசிம் மாமா எழுந்துவிட்டார். அம்மா முகம் செத்துப்போயிற்று. என் முகமும்தான். ஏனென்றால் தரகர் மூலம் வந்த அவர் மகள் ஜமீலாவின் போட்டோவை நான் பார்த்துவிட்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் சந்தேகங்கள் எல்லாம் ஒட்டுமொத்தமாக லீவு போட்டுவிட்டுப் போயிருந்தன. இவள் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்று ஸ்டோரில் வாஷரை எண்ணிக்கொண்டே தீர்மானம் பண்ணியிருந்தேன்.

கொஞ்ச நாளில் சம்மதம் என்று செய்தி வந்தது. லீவில் போன சந்தேகம் அன்றைக்கே டூட்டிக்குத் திரும்பிவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட மனிதன் எதற்குப் பெண் கொடுக்கிறான்? இதில் என்னவோ இருக்கிறது!

கல்யாணம் கருங்குழியில், பெண் வீட்டுப் பந்தலில். முந்தின நாளே போய்விட்டோம். பெண் வீட்டுப் பிள்ளைகள் மாப்பிள்ளையின் பூட்ஸை ஒளித்துவைத்து வேடிக்கை பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னதால், புது பூட்ஸைத் தலைமாட்டில் வைத்துக் காவல் காத்தேன். ஒருவரும் அந்தப் பக்கமே வரவில்லை. வராததுதான் எனக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. விடிய விடியப் பல்லைக் கடித்துக்கொண்டு விழித்துக் கிடந்தேன்.

காலையில் தலைப்பாகை கட்டி, முகம் முழுக்க மறைகிற மாதிரி மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டார்கள். பந்தலில் கல்யாணத்தை ஓதிவைக்கிற ஹஜ்ரத் உட்கார்ந்தார், காசிம் மாமா என் எதிரே உட்கார்ந்தார். அவருடைய அண்ணன் மதுராந்தகத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அவர் வராமல் ஆரம்பிக்க முடியாது. வெயில் ஏறியது. பின்பக்கம் பிரியாணி தம்மில் இருந்த வாசனை வந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது.

தாடைக்கு அடியில் கையைக் கொடு என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் சபையில் மாப்பிள்ளை மோவாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கப்பல் கவிழ்ந்தவன் மாதிரி இருக்குமே. அதுவும் போக, பூவுக்குப் பின்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ராத்திரி முழுக்க அடக்கிவைத்த தூக்கத்தை எல்லாம் சேர்த்து, காது வரைக்கும் ஒரு கொட்டாவி விட்டேன்.

டக்.

போகிற 'டக்' போய்விட்டது. வருகிற 'டக்' வரவில்லை.

மூடப் பார்த்தேன், முடியவில்லை. நெளித்தேன், ஆட்டினேன். காதுக்கு முன்னால் ரெண்டு பக்கமும் உயிர் போகிற வலி. வாய் பிளந்தபடியே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து மதுராந்தகம் அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். எல்லாம் மளமளவென்று நடந்தது. ஹஜ்ரத் ஓத வேண்டியதை ஓதினார். காசிம் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகளை எனக்கு நிக்காஹ் செய்து கொடுப்பதாகச் சொன்னார். இனி நான் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கபூல், அதாவது ஏற்றுக்கொண்டேன். அதை நான் வாய்விட்டு, சாட்சிகள் காதில் விழும்படி சொன்னால்தான் கல்யாணம்.

"ஆ...ஆ..." என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் ஹஜ்ரத்.

"ஆஆஆ!"

"வெக்கப்படுறாரு" என்றார் ஹனீபா மச்சான், என்ன நடந்தது என்று தெரியாமலே.

"வெக்கப்படுறவன் எதுக்குய்யா கத்துறான்?" காசிம் மாமாவின் பிடி இறுகியது. "இவன் அந்தப் பையன்தானா? பூவப் போட்டு மறைச்சி ஊமைய கொணாந்து உக்கார வச்சிட்டீங்களா?" என்றவர், சரத்தை ஒரே வீச்சில் தூக்கிவிட்டார்.

வாய் பிளந்து, கண்ணில் தண்ணீரும் வாயில் ஜொள்ளும் வழிய, நாக்கில் ரெண்டு மல்லிகை மொட்டோடு நான் காட்சி கொடுத்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டார்.

"காக்கா வலிப்பு" என்றார் ஒருவர். "காத்து கருப்பு" என்றார் இன்னொருவர். "கொட்டாவிதான் விட்டேன்" என்று சொல்லக்கூட உதடு ஒட்டவில்லை. காசிம் மாமாவுக்கு வேறு சந்தேகம். "கல்யாணம் புடிக்காம நாடகம் ஆடுறான் பாரு!" என்றார். ஐயோ, அப்படி இல்லை என்று பதறிப்போய்த் தலையை வேகமாக ஆட்டினேன்.

"பாத்தீங்களா! வேணாங்குறான்!"

வாழ்க்கையில் அவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றை யாரும் அவ்வளவு வேகமாகத் தலையாட்டி மறுத்திருக்க மாட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் ஹனீபா மச்சானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "தாடை மாட்டிக்கிச்சு மாமா! ரொம்ப நாளாவே டக்கு டக்குன்னுதான் கீது. ஒரு அறை வுட்டா உள்ள பூந்துரும்" என்று கையை ஓங்கினார்.

ஹஜ்ரத் அவர் கையைப் பிடித்தார். "அறையிறதெல்லாம் வேணாம்ப்பா, எலும்பு ஒடஞ்சிரும். டாக்டர்கிட்ட இட்டுட்டுப் போங்க. வாயே இல்லாதவருன்னா சைகை போதும். இவரு பேசறவரு, வாய் சரியாயிட்டு வந்தே சொல்லட்டும். பந்தல் எங்கயும் ஓடிப் போவாது."

"மாப்பிள்ளை ஓடிட்டா?" என்றார் காசிம் மாமா. சொன்னதோடு நிற்காமல் அம்பாஸடரில் எனக்குப் பக்கத்திலேயே ஏறிக்கொண்டார். அந்தப் பக்கம் ஹனீபா மச்சான். ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாம் பூவும் பிளந்த வாயுமாக இருந்த என்னைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். பாலாற்றுப் பாலத்தில் காற்று ஆற்று மணலை வாரி என் வாயில் போட்டது. காசிம் மாமா அப்போதுதான் மனம் இளகித் தன் கைக்குட்டையை என் வாய்மேல் போர்த்தினார். போர்த்துவதற்கு முன் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

செங்கல்பட்டில் பல் டாக்டர் ஒரு பெண். (மச்சினன் என்ற சந்தேகம் அங்கேயே அடிபட்டுப் போயிற்று.) என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"முன்னாடியே டக்குன்னு சத்தம் வருமா?"

தலையாட்டினேன், இந்தத் தடவை மேலும் கீழுமாக, ஜாக்கிரதையாக.

"வலி? மாட்டிக்கிட்டு விடுறது?"

ஆட்டினேன்.

"யார்கிட்டயாவது காட்டச் சொன்னாங்களா?"

தலையை ஆட்டாமல் கூரையைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "இவங்க யாரு, மாமனாரா?" என்று காசிம் மாமாவைப் பார்த்தார்.

"இன்னும் ஆவல. நீங்க மனசு வச்சா ஆவாரு" என்றார் ஹனீபா மச்சான்.

டாக்டர் என்னைத் தாழ்வான நாற்காலியில் உட்காரவைத்து, தன் கட்டைவிரல்களில் துணியைச் சுற்ற ஆரம்பித்தார். காசிம் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கும்மா வெரலுக்குத் துணி?"

"எலும்பு உள்ள போனதும் வாய் பட்டுன்னு மூடும். என் விரல் எனக்கு வேணும்ல?"

"கொஞ்சம் தேங்காண்ணெ வுட்டா லேசா பூராதா? கடைல நாங்க அப்பிடித்தான்..."

"இது கடை இல்லீங்க."

அவருடைய கட்டைவிரல்கள் என் கீழ்க் கடைவாய்ப்பற்களின் மேல் அமர்ந்தன. தளர விடுங்கள் என்றார். நான் விடவில்லை. கூட்டுச்சதியில் இவருக்கும் பங்கு இருக்குமோ என்று அந்த நிலைமையிலும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. "பொண்ணு காத்துக்கிட்டு இருக்கால்ல?" என்றார். அப்படியே தளர்ந்துபோனேன். கீழே ஓர் அழுத்து, பின்னால் ஒரு தள்ளு.

டக்.

"ஆங்! நட்டு உக்காந்துச்சு" என்றார் காசிம் மாமா.

மோவாயிலிருந்து உச்சந்தலை வரை துணியால் கட்டுப் போட்டார்கள். டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மூட்டில் ரெண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது, அது வழுக்கினால்தான் அந்தச் சத்தம். கொஞ்ச நாளைக்குக் கஞ்சி, குழைந்த சாதம். ராத்திரியில் பல்லைக் கடிக்கக் கூடாது. கொட்டாவி வந்தால் கை கொடுக்க வேண்டும். திரும்பவும் வந்து கட்டாயம் காட்ட வேண்டும்.

"வலிச்சாலோ, மாட்டினாலோ, வாய் முழுசாத் திறக்க வராமப் போனாலோ நாள் கடத்தாம வரணும். மூட முடியாமப் போச்சுன்னா உடனே வரணும், யாரையும் அறைய விடக்கூடாது."

காசிம் மாமா தொண்டையைச் செருமினார். "சத்தம் மட்டும் வருதுன்னு வச்சிக்க. வலிக்கல, மாட்டல. அப்பிடின்னா?"

"அப்படின்னா ஒண்ணும் இல்லீங்க, நிம்மதியா இருக்கலாம்."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். அதை நான் கவனித்து வைத்துக்கொண்டேன். என் தாடைக்கு இந்த மனிதருக்கு என்ன இவ்வளவு நிம்மதி?

பந்தலுக்குத் திரும்பினோம். தலையில் கட்டோடு என்னைப் பார்த்ததும் ஹஜ்ரத், "பொண்ணுகிட்ட மறுபடி ஒரு வார்த்தை கேட்டுருங்க. இவ்ளோ ஆயிருக்கு, அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார். ஜமீலாவின் சின்னம்மா உள்ளே போனார். வாயைப் பிளந்து ஜொள்ளு விட்டவனை, மணலைத் தின்றவனை, மண்டையில் கட்டுப் போட்டவனை எந்தப் பெண் சரி என்பாள்? நானாக இருந்தால் சொல்லமாட்டேன். பூட்ஸை எங்கே விட்டேன் என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

சின்னம்மா திரும்பி வந்தார். "சம்மதமாம். அத்தாவ மொதல்ல உக்காந்து துன்னச் சொல்லுங்கன்னும் சொல்லுது."

சம்மதம், சரி. நடுவில் அத்தா சாப்பிடுவது எங்கே வந்தது? அந்தச் சந்தோஷத்திலும் எனக்கு அது உறுத்தியது.

பல்லைத் திறக்காமல் உதட்டை மட்டும் அசைத்து, "கபூல்" என்றேன். காசிம் மாமா தன் காதை என் வாயோடு ஒட்டிவைத்துக் கேட்டார். "இன்னொரு வாட்டி" என்றார். "ஒரு தடவை போதும்ப்பா" என்றார் ஹஜ்ரத். "எனக்குப் போதாது" என்றார் காசிம் மாமா. எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தேன், சொன்னேன்.

பந்தியில் எல்லோருக்கும் பிரியாணி, எனக்குக் கஞ்சி. பக்கத்தில் மாமனார். நல்ல நல்லி எலும்பாக ஒன்றை எடுத்து, வாயைத் திறந்தார்.

டக்.

என் கஞ்சிக் கிண்ணம் அந்தரத்தில் நின்றது. அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மெதுவாக வாயை மூடினார். டக்.

"பல்லி மாப்ளே" என்றார் தாழ்ந்த குரலில். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "எனக்கு வலிக்கிறது இல்ல. வூட்ல ஒருத்தருக்கும் தெரியாது. வாயத் தொறந்துடாத" என்றார். நான் கட்டைத் தொட்டுக் காட்டினேன்.

அந்த ரகசியத்தை நான் கட்டிக் காத்தேன். மாமனார் காலமாகி வருஷம் பல ஓடிய பிறகு ஒருநாள்தான் ஜமீலாவிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ரகசியமா? அத்தா முறுக்கு துன்னா தெருக்கோடி வரிக்கும் கேக்கும். எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத்தான் தெரியாது. ஒன்னப் பாத்துட்டு வந்த அன்னிக்கி, 'பையன் நல்லவன்தான், ஆனா தாடைல சத்தம் வருது, வேணாம்'னாரு. சொல்லிக்கினே வேர்க்கடலைய வாய்ல போட்டாரு. டக்குன்னுது. எங்கம்மா என்னப் பாத்தாங்க, நான் அவங்களப் பாத்தேன். இந்தச் சத்தத்தோட அவங்க குடும்பம் நடத்தலியா? சரின்னுட்டேன். கல்யாணத்தன்னிக்கி அத்தாவ துன்னச் சொன்னதும், அந்தச் சத்தம் ஒனக்கும் கேக்கட்டும்னுதான்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் வாயைப் பிளந்தால் போதும், பக்கத்தில் யார் இருந்தாலும் என் மோவாய்க்கு அடியில் ஒரு கை வந்து நிற்கும். பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் ஜமீலா முதலில் செய்தது ஒரு டின் முறுக்குச் சுட்டதுதான். பையன் வந்தான். நல்ல படிப்பு, நல்ல குணம். முறுக்கை எடுத்தான், கடித்தான், மென்றான், முழுங்கினான். ஒரு சத்தமும் இல்லை. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

ஜமீலா என் காதருகே குனிந்தாள். "டக்குன்னு ஒண்ணுமே கேக்கலியே. எனக்கு இன்னாவோ சந்தேகமா கீது" என்றாள்.